பாலியல் கல்வி ஸ்கூல் வேலையா, அப்பா அம்மா வேலையா? நம்ம தோட்டத்து ஊருங்கள்ல தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவுல பேராக் மாநிலத்து சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்த (எஸ்டேட்ட) விட்டு வெளியாகி தாமான்லயும் (குடியிருப்புலயும்) மலிவு வீட்டுலயும் இருக்குற குடும்பத்து பிள்ளைங்களுக்கு நான் டியூஷன் எடுக்குறேன். பாலியல் கல்வின்னு பேச்ச எடுத்தாலே அம்மாங்க "அதெல்லாம் ஸ்கூல்ல சொல்லிக் குடுப்பாங்க டீச்சர்"ங்கிறாங்க, ஸ்கூல் டீச்சருங்கள கேட்டா "அத தாய் தான் சொல்லணும், நாங்க சொன்னா நாளைக்கே அப்பா ஆபீசுல வந்து சத்தம் போடுவாரு"ங்கிறாங்க. ரெண்டு பக்கமும் மத்தவங்க பாத்துக்குவாங்கன்னு இருக்குறதுல பிள்ளைக்கு யாருமே ஒன்னும் சொல்றதில்ல, கடைசில கையில இருக்குற போன் தான் சொல்லிக் குடுக்குது, அது என்னத்த சொல்லிக் குடுக்கும்னு உங்களுக்கே தெரியும். இப்படி ஒருத்தர ஒருத்தர் காட்டி விடுறது தான் முதல் தப்பு, மத்த எல்லா தப்பும் இதுலேர்ந்து தான் வருது.

இன்னும் நிறைய பேருக்கு இது ஏதோ புதுசா வரப்போற பாடம்னு நினைப்பு. அப்படி இல்லங்க. நம்ம நாட்டுல இடைநிலைப்பள்ளில 1989லேயே குடும்ப சுகாதாரக் கல்வின்னு கொண்டு வந்துட்டாங்க, ஆரம்பப்பள்ளிக்கு 1994ல வந்துச்சு, 2011லேர்ந்து நலக்கல்வி பாடத்துக்குள்ளேயே இருக்கு, இனப்பெருக்க, சமூக சுகாதாரக் கல்வி, பியர்ஸ்னு சுருக்கமா சொல்வாங்க. சின்ன வகுப்புல நல்ல தொடுதல் கெட்ட தொடுதல், மேல் வகுப்புல வயசுக்கு வர்றப்ப உடம்புல நடக்குற மாற்றம்னு வரிசையா போகும். பாடம் புத்தகத்துல இருக்கு, நடத்துறாங்களாங்கிறது தான் கேள்வி. முன்ன ஆறாம் ஆண்டுல யூபிஎஸ்ஆர் சோதனை இருந்தப்ப நலக்கல்வி நேரத்த கணக்குக்கும் அறிவியலுக்கும் எடுத்துக்கிட்டத நாம யாரும் தட்டிக் கேக்கல, சோதனை தான் முக்கியம்னு நாமளே தான் சொன்னோம். 2021ல அந்த சோதனையவே எடுத்தாச்சு, இனி அந்தக் காரணமும் கிடையாது.

"இதெல்லாம் சொல்லிக் குடுத்தா பிள்ள கெட்டுப் போயிடும்" இது அடுத்த தப்பு, பாட்டிங்க மட்டும் இல்ல நல்லா படிச்ச அப்பாங்களும் சொல்றாங்க. யுனெஸ்கோ 2018ல திருத்தி வெளியிட்ட வழிகாட்டில பல நாட்டு ஆய்வுங்கள எல்லாம் சேத்துப் பாத்து தெளிவா சொல்லிட்டாங்க, பாலியல் கல்வி குடுத்ததால பிள்ளைங்க சீக்கிரமா அந்தப் பழக்கத்துக்குப் போறதில்ல, ஆபத்தான நடத்தையும் கூடுறதில்ல. அஞ்சு வயசுலேர்ந்தே வயசுக்கு ஏத்த மாதிரி ஆரம்பிக்கணும்னு அதே வழிகாட்டி சொல்லுது. அஞ்சு வயசுப் பிள்ளைக்கு குழந்த எப்படி பொறக்குதுன்னு பாடம் எடுக்க சொல்லல, உன் உடம்பு உன்னோடது, இந்த இடத்த யாரும் தொடக்கூடாது, தொட்டா அம்மாகிட்ட சொல்லு, சொன்னா அடிக்க மாட்டேன், அவ்ளோ தான். அந்தக் கடைசி வார்த்தை ரொம்ப முக்கியம், அத அப்புறம் சொல்றேன்.

அப்ப ஸ்கூலே போதுமான்னா போதாது, நேரமும் ஒத்து வராது மொழியும் ஒத்து வராது. பொம்பளப் பிள்ளைங்களுக்கு எட்டுலேர்ந்து பதிமூணு வயசுக்குள்ள உடம்பு மாற ஆரம்பிக்கும், சில பிள்ளைங்க ஒம்பது பத்து வயசுலேயே, அதாவது மூணாம் நாலாம் ஆண்டுலேயே, வயசுக்கு வந்துடுறாங்க. பாடம் வர்ற வரைக்கும் உடம்பு காத்துக்கிட்டு இருக்காது. அப்புறம் தமிழ்ப்பள்ளி முடிச்சு இடைநிலைப்பள்ளில புதுமுக வகுப்புக்கோ படிவம் ஒன்னுக்கோ போனதும் எல்லாமே மலாய்ல தான், பாடத்தயே மல்லுக்கட்டி புரிஞ்சிக்கிற பிள்ள கூச்சமான சந்தேகத்த மலாய்ல எழுந்து நின்னு கேக்குமா? கேக்காது. அதனால முதல் பேச்சு வீட்ல, தமிழ்ல, பாடம் வர்றதுக்கு முன்னாடியே நடந்திருக்கணும். உடம்போட பேரையும் செல்லப்பேரா வைக்காம ஆணுறுப்பு, பெண்ணுறுப்பு, மார்புன்னு சரியா சொல்லிக் குடுங்க, அதோட மலாய் பேரையும் சேத்து சொல்லி வைங்க, ஏன்னா நாளைக்கு டாக்டர்கிட்டயோ போலிஸ் பாலாய்லயோ (ஸ்டேஷன்லயோ) சொல்ல வேண்டி வந்தா அங்க இருக்குறவங்களுக்கு நம்ம வீட்டு செல்லப்பேரு புரியாது.

வீடே போதுமான்னா அதுவும் போதாது, இத சொல்லத் தான் எனக்கு மனசு கனக்குது. பிள்ளைங்கள பாழாக்குறவன் பெரும்பாலும் பிள்ளைக்குத் தெரிஞ்சவன் தான், இது எந்த நாட்டுலயும் மாறாத உண்மை. சித்தப்பாவோ, மாமாவோ, அம்மாவோட கூட இருக்குறவனோ, சில வீட்ல பெத்த அப்பனோ. "வீட்லயே சொல்லிக் குடுத்துக்குறோம், ஸ்கூல் தலையிட வேண்டாம்"னு வச்சிக்கிட்டா, ஆபத்தே வீட்டுக்குள்ள இருக்குற பிள்ளைக்கு அது தப்புன்னு யாரு சொல்றது? அந்தப் பிள்ளைக்கு ஸ்கூல் தான் ஒரே கதவு. உங்க வீடு நல்ல வீடா இருக்கலாம், ஆனா உங்க பிள்ள பக்கத்துல உக்காந்திருக்குற பிள்ளைக்காகவாவது ஸ்கூல்ல இந்தப் பாடம் நடக்கணும்.

நம்ம ஊருங்கள்ல இதுக்கு நேர் எதிரா ஒரு பயம் இருக்கு. தோட்டத்துல இப்ப வேல செய்றவங்க நிறைய பேரு வெளிநாட்டுக்காரங்க, அதனால "பங்களாதேஷ்காரன் பக்கம் போகாத, இந்தோனேசியாக்காரன் இருக்குற லயத்துப் பக்கம் போகாத"ன்னு மட்டும் சொல்லி வளக்குறோம். ராத்திரி ஷிப்ட்டுக்கு பேக்டரி போற அம்மா, லோரி ஓட்டப் போற அப்பா, பிள்ளைய சொந்தக்காரங்க வீட்ல விட்டுட்டுப் போறாங்க, அங்க எல்லாம் பத்திரம்னு நம்பி. பிள்ளைக்கு வெளியாள மட்டும் காட்டி பயமுறுத்தி வச்சா, சொந்தக்காரன் தொடும்போது இது அந்தக் கணக்குல வராது போலன்னு அது குழம்பிப் போயிடும். ஆள வச்சு சொல்லிக் குடுக்காதீங்க, செயல வச்சு சொல்லிக் குடுங்க. யாரு செஞ்சாலும் தப்பு, ரகசியமா வச்சிக்கோன்னு சொன்னா கண்டிப்பா தப்பு. அதே மாதிரி தீபாவளிக்கு வர்ற மாமா மடியில உக்காரு, முத்தம் குடுன்னு பிள்ள வேணாம் வேணாம்னு நெளியுறப்ப தள்ளி விடாதீங்க, கை எடுத்து வணக்கம் சொன்னா போதும், மரியாதை ஒன்னும் கொறஞ்சிடாது.

இப்ப சடங்குக்கு வர்றேன். பிள்ள வயசுக்கு வந்துட்டான்னா நம்ம ஊருல ஹால் எடுத்து, பெனர் அடிச்சு, சேலை கட்டி, தாய்மாமன் சீர் வரிசையோட வந்து, முன்னூறு பேருக்கு சாப்பாடு போட்டு ஊருக்கே சொல்றோம். எனக்கு சடங்கு மேல கோபம் இல்ல, அழகான விஷயம், அந்தப் பிள்ளைக்கும் அன்னிக்கு சந்தோஷமா தான் இருக்கும். ஆனா ஊருக்கே சொன்ன நாம அந்தப் பிள்ளைகிட்ட என்ன சொன்னோம்? ரத்தம் எங்கேர்ந்து வருது, ஏன் வருது, எத்தன நாள் இருக்கும், ஒன்னும் சொல்லல, "இனி ஆம்பளப் பசங்களோட விளையாடக்கூடாது, சாமி ரூமுக்குப் போகக்கூடாது" அது மட்டும் சொன்னோம். தனக்கு ஏதோ நோய் வந்துடுச்சு, செத்துப் போயிடுவேன்னு நெனச்சு அழுத பிள்ளைங்கள நான் பாத்திருக்கேன். ரெண்டுலேர்ந்து ஏழு நாள் வரைக்கும் இருக்கலாம், முதல் ஒன்னு ரெண்டு வருஷம் மாசா மாசம் சரியா வராது, பயப்பட வேண்டாம், பேட நாலு அஞ்சு மணி நேரத்துக்கு ஒரு தடவ மாத்தணும், பேக்ல ஒன்னு எப்பவும் இருக்கட்டும், ரொம்ப வலிச்சா ரொம்ப போச்சுன்னா கிளினிக் போலாம், இத எட்டு வயசு முடியறப்பவே சொல்லிடலாம், பத்து நிமிஷ வேல. இன்னொன்னு, பிள்ள வயசுக்கு வந்துட்டான்னா இனி அவளால கர்ப்பம் ஆக முடியும், அத அவகிட்ட விஷயம் தெரிஞ்ச யாராவது சொல்லித் தான் ஆகணும், சடங்கு செலவுல பாதி அக்கறை இதுல இருந்தா போதும்.

பையன விட்டுடுறதும் தப்பு தான். அவனுக்கும் ஒம்பதுலேர்ந்து பதினாலு வயசுக்குள்ள மாற்றம் ஆரம்பிக்கும், தூக்கத்துல விந்து வர்றது சாதாரணம், அதனால உடம்பு பலவீனம் ஆகாது, நரம்புத் தளர்ச்சியும் வராது. இத அப்பா சொல்லலன்னா லேகியம் விக்கிறவன் சொல்லுவான். வேணாம்னா வேணாம் தான்னு பொண்ணுங்க விஷயத்துல பையனுக்குச் சொல்லிக் குடுக்கறதும் அப்பா வேல, அம்மா தலையில கட்டாதீங்க. பையன்களுக்கும் பாலியல் தொல்லை குடுப்பாங்க, அதையும் மறக்காதீங்க.

போன் பத்தி ஒரு விஷயம் வேகமா சொல்லிடுறேன். 2017ல சிறார் பாலியல் குற்றங்கள் சட்டம் வந்துச்சு, சட்டம் 792, பதினெட்டு வயசுக்குக் கீழ எல்லாரும் சிறார். அப்படிப்பட்ட பிள்ளையோட ஆபாசப் படம் போன்ல வச்சிருந்தாலே அஞ்சு வருஷம் வரைக்கும் ஜெயிலோ பத்தாயிரம் வெள்ளி வரைக்கும் அபராதமோ ரெண்டுமோ, அத மத்தவங்களுக்கு அனுப்புறதுக்கு அதவிட பெரிய தண்டனை. க்ரூப்ல வந்துச்சு நான் பார்வர்ட் மட்டும் தான் பண்ணேன்னு படிவம் மூணு பையன் சொன்னா சட்டம் கேக்காது. இது பசங்களுக்குத் தெரியவே தெரியாது, ஸ்கூல்ல கவுன்சிலர் சபைகூடல்ல சொல்ல வேண்டிய விஷயம் இது.

இனி, பிள்ள வந்து சொல்லிடுச்சுன்னா. இங்க தான் நம்ம ஊருல மோசமான தப்பு நடக்குது. முதல்ல "நீ ஏன் அங்க போன"ன்னு ஒரு அறை, ரோத்தான (பிரம்ப) எடுக்குற வீடும் இருக்கு, அதோட அந்தப் பிள்ள வாய மூடிடும். அதுக்குத் தான் சொன்னா அடிக்க மாட்டேன்னு முன்னாடியே சொல்லி வைக்கணும்னு சொன்னேன், சொன்னா மட்டும் போதாது, கண்ணாடி க்ளாஸ் உடைஞ்சதுக்கும் பரீட்சைல மார்க் கொறஞ்சதுக்கும் அடிக்கிற வீட்ல அந்த வார்த்தைய எந்தப் பிள்ளையும் நம்பாது. ரெண்டாவது, குளிப்பாட்டி துணிய தொவச்சுப் போடுறது. செய்யாதீங்க. அப்படியே, போட்டிருந்த துணியோட, அரசாங்க ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குக் கூட்டிட்டுப் போங்க, ஈப்போ பெரிய ஆஸ்பத்திரி மாதிரி இடத்துல இதுக்குன்னு ஒரே இடத்துல டாக்டர், போலிஸ், கவுன்சிலிங் எல்லாம் பாக்குற ஓஎஸ்சிசி இருக்கு. 72 மணி நேரத்துக்குள்ள போனா ஆதாரமும் எடுக்கலாம், கர்ப்பமும் எச்ஐவியும் வராம தடுக்க மருந்தும் குடுக்க முடியும். நேரம் தாண்டிடுச்சுன்னாலும் போங்க, புகார் குடுக்க அது தடையில்ல. எங்க போறதுன்னு தெரியலன்னா தாலியான் காசேங்கிற அரசாங்க உதவி போன் நம்பர் 15999, 24 மணி நேரமும் இருக்கு.

மூணாவது தான் மானம். "வெளிய தெரிஞ்சா நாளைக்கு யாரு கட்டிக்குவா"ன்னு சொல்லி, கோயில் தலைவர், தோட்டத்துப் பெரியவங்க நாலு பேர வச்சு பேசி, அவன் காலுல விழுந்தான், ரெண்டாயிரம் குடுத்தான், ஊர விட்டுப் போயிட்டான்னு முடிக்கிறது. அவன் போற அடுத்த ஊருலயும் பிள்ளைங்க இருக்கு. இது குடும்பத்துல பேசித் தீர்க்குற சண்ட கிடையாது, தெரிஞ்சும் சொல்லாம இருந்தா அதே 792 சட்டத்துல ஐயாயிரம் வெள்ளி வரைக்கும் அபராதம், அது பெத்தவங்களுக்கும் தான் டீச்சருக்கும் தான் நடுவுல உக்காந்து பேசினவங்களுக்கும் தான். "சாட்சி இல்லயே"ன்னும் விட்டுடாதீங்க, பிள்ளையோட வாக்குமூலத்த மட்டுமே வச்சு தண்டனை குடுக்க அந்தச் சட்டம் கோர்ட்டுக்கு இடம் குடுக்குது. செஞ்சவன் சொந்தக்காரனோ டீச்சரோ பிள்ள பாத்துக்கிறவங்களோன்னா தண்டனை இன்னும் கூடும்.

சில வீட்ல பிள்ள கர்ப்பமாயிட்டா "அவனுக்கே கட்டி வச்சிடுவோம்"ங்கிறாங்க. பதினாறு வயசுக்குக் கீழ உள்ள பொண்ணோட உறவு வச்சா அவ சம்மதிச்சிருந்தாலும் நம்ம சட்டத்துல அது கற்பழிப்பு தான். முஸ்லிம் அல்லாதவங்களுக்கு 1976 சட்டப்படி பதினெட்டு வயசுக்கு மேல தான் கல்யாணம், பதினாறு முடிஞ்சு பதினெட்டு ஆகாத பொண்ணுக்கு மாநில மந்திரி புசாரோட (முதலமைச்சரோட) அனுமதி வேணும், பதினாறுக்குக் கீழ பதிவே பண்ண முடியாது. கோயில்ல தாலி கட்டிட்டா கேஸ் இல்லாம போயிடாது, அந்தப் பிள்ளையோட படிப்பு தான் போகும்.

இன்னொரு சின்ன விஷயம், 2010லேர்ந்து படிவம் ஒன்னு பொண்ணுங்களுக்கு ஸ்கூல்ல எச்பிவி ஊசி இலவசமா போடுறாங்க, கருப்பை வாய் புற்றுநோய தடுக்குறதுக்கு. "இந்த வயசுல எதுக்கு அந்த ஊசி"ன்னு பாரத்துல கையெழுத்து போடாம விடுற பெத்தவங்க இருக்காங்க. சின்ன வயசுலயே போட்டா தான் நல்லா வேல செய்யும், தயவு செஞ்சு போடுங்க.

ஸ்கூல்கிட்ட எப்படி கேக்குறதுன்னு தயங்குறவங்களுக்கு: பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்துல பந்தல் கணக்கும் கேண்டின் விலையும் பேசி முடிச்சதும் எழுந்து, எங்க பிள்ள வகுப்புக்கு நலக்கல்வி யாரு எடுக்குறாங்க, பியர்ஸ் பகுதி இந்த வருஷம் எந்த மாசம் நடத்துவீங்கன்னு கேளுங்க. சண்டைக்கு இல்ல, டீச்சருக்கு தைரியம் குடுக்க. அப்பாங்க சத்தம் போடுவாங்கன்னு பயந்து தானே அவங்க அந்தப் பக்கத்த தாண்டிப் போறாங்க, அதனால நாங்க பின்னால இருக்கோம் நடத்துங்கன்னு சொல்றது ஒரு அப்பாவா இருந்தா இன்னும் நல்லது. நடத்துற வாரம் அந்தப் புத்தகத்த வீட்டுக்குக் கொண்டு வரச் சொல்லி, ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் பிள்ளையோட சேந்து அந்தப் பக்கங்கள தமிழ்ல ஒரு தடவ படிங்க, பையன் இருந்தா அவனையும் கூட உக்கார வைங்க.