பெரியப்பாவும் ரெட்டை அம்புக்குறியும்

மும்பை மாட்டுங்காவில் பெரியப்பா வீட்டுப் பொங்கல் என்றால் வடையோடு வாட்ஸ்அப்பில் வந்த அரசியல் வீடியோவும் உண்டு. "இதப் பார்றா, எந்த சேனல்லயும் காட்ட மாட்டான்!" என்பார். எல்லார் முன்னாலும் பொய் என்று சொன்னால் முகம் விழுந்துவிடும். (பெரியம்மா முறைப்பது தனிக்கதை.) இந்த முறை பால்கனிக்குக் கூட்டிப்போய், "பெரியப்பா, இந்த ரெட்டை அம்புக்குறி எதுக்குன்னு தெரியுமா?" என்றேன். ஐந்து கையாவது மாறி வந்த செய்திக்கு வாட்ஸ்அப் போடும் அடையாளம் அது. 2020 முதல் அப்படிப்பட்ட செய்தியை ஒரு நேரத்தில் ஒரு சாட்டுக்குத்தான் அனுப்ப முடியும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி உற்றுப் பார்த்தார். வீடியோவை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, படத்தை வைத்துத் தேடும் கூகுள் லென்ஸில் அவரையே தேடச் சொன்னேன். வேறு ஊர்ச் சண்டை, பழைய வீடியோ. கட்சி பற்றி நான் வாயே திறக்கவில்லை. "யார்றா இதையெல்லாம் கிளப்பிவிடறான்?" என்றவர், சாப்பாட்டுக்கு அப்புறம் என் போனை வாங்கி, நான் பார்க்கும் யூடியூப் சேனல்களைச் சோதிக்க ஆரம்பித்தார்.