பள்ளி ஆலோசகரின் உதவியை முறையாகப் பெறுவது எப்படி?

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் பாடத் தேர்வுக்கும் கல்லூரி விண்ணப்பத்துக்கும் வழிகாட்டுபவர் பள்ளி ஆலோசகர். ஆலோசகர் ஒருவருக்கு 250 மாணவர்கள் என்பது அமெரிக்கப் பள்ளி ஆலோசகர் சங்கத்தின் பரிந்துரை. பல பள்ளிகளில் எண்ணிக்கை அதைவிடக் கூடுதல் என்பதால், அவர் அழைக்கும்வரை காத்திராமல் நீங்களே நேரம் கேட்டுப் பெறுங்கள்.

ஒன்பதாம் வகுப்பிலேயே நான்காண்டுப் பாடத் திட்டத்தை அவருடன் அமர்ந்து வகுத்துக்கொள்வது நல்லது. அப்போது எந்த நிலைக் கணிதத்தில் தொடங்குகிறீர்கள் என்பதே பன்னிரண்டாம் வகுப்பில் கால்குலஸ் (நுண்கணிதம்) படிக்க இயலுமா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது; பொறியியலை நாடுவோருக்கு இது சிறிய செய்தியன்று. ஏபி எனப்படும் கல்லூரி நிலைப் பாடங்களை எண்ணிக்கைக்காக அடுக்குவதைவிட, நன்கு படித்து முடிக்கக்கூடிய சிலவற்றைத் தேர்வதே மேல் என்பது என் கருத்து.

பதினோராம் வகுப்பின் இறுதியில் உங்கள் ஆர்வங்களையும் பொறுப்புகளையும், மதிப்பெண் சரிந்த பருவம் ஏதேனும் இருந்தால் அதன் காரணத்தையும் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். காரணத்தை மறைக்க வேண்டாம்: பல கல்லூரிகளுக்கு ஒரே இடத்தில் விண்ணப்பிக்க உதவும் காமன் ஆப் இணையதளம் வழியாக மதிப்பெண் பட்டியலுடன் பள்ளி அறிக்கையையும் பரிந்துரைக் கடிதத்தையும் அனுப்புபவர் ஆலோசகர் என்பதால், நோய், குடும்பச் சூழல் போன்றவற்றை அவர் எடுத்துரைத்தால் அதற்குத் தனி மதிப்புண்டு.

முன்கூட்டிய விண்ணப்பத்துக்கு நவம்பர் 1, வழக்கமான விண்ணப்பத்துக்கு ஜனவரி 1 எனப் பல கல்லூரிகள் கெடு வைத்திருக்கின்றன. ஆவணங்களைக் கேட்பதற்குப் பள்ளி விதிக்கும் கெடு அதற்கும் முன்னதாகவே முடிந்துவிடக்கூடும். அதை ஆகஸ்டு மாதத்திலேயே கேட்டறியுங்கள். கூட்டரசு நிதியுதவிக்கான ஃபாஃப்சா படிவத்தைப் பற்றியும் அவரிடம் கேட்கலாம். அதில் தங்கள் வருமான விவரங்களைத் தருவது பெற்றோரின் பொறுப்பு.