டீம் மேட்ச்சுக்கு பசங்களுக்கு ஒரே ஓப்பனிங் போதும்

அல்சூர்ல எங்க மொட்டை மாடில சனிக்கிழமை சாயங்காலம் நாலு பசங்களுக்கு செஸ் சொல்லித் தரேன், எல்லாம் பன்னெண்டு வயசுக்குள்ள. முதல்ல ஆளுக்கொரு ஓப்பனிங் (ஆட்டத்தோட ஆரம்ப மூவ்கள்) குடுத்தேன், அது தப்பு. டீம் மேட்ச்ல நாலு பேர் நாலு போர்டுல ஆடுவாங்க, 1, 3 போர்டுக்கு வெள்ளை வந்தா 2, 4க்கு கருப்பு, அடுத்த ரவுண்டுல மாறிடும், அதனால எல்லாருக்கும் ரெண்டு பக்கமும் தெரிஞ்சிருக்கணும். ஒரே ஓப்பனிங்னா அவங்களுக்குள்ளயே எதிரெதிரா உக்காந்து பழகலாம்.

நான் எடுத்தது இத்தாலியன்கிற ஓப்பனிங். எழுத்தும் எண்ணும் சேர்ந்தது கட்டத்தோட பேர், காய் பேர் சொல்லலன்னா சிப்பாய். ஈ4 ஈ5, குதிரை எஃப்3, குதிரை சி6, பிஷப் சி4. கருப்பு இன்னொரு குதிரையை எஃப்6ல வச்சா வெள்ளை குதிரை ஜி5க்கு தாவும், எஃப்7 சிப்பாய்க்கு ராஜா மட்டும்தான் காவல், அதுக்கு இப்ப ரெண்டு காய் குறி. கருப்பு டி5 தள்ளி பிஷப்பை மறிக்கணும், வெள்ளை சிப்பாய் அதை வெட்டும்.

இங்கதான் நிறுத்தி நிதானமா சொல்லிக் குடுங்க. குதிரையால திருப்பி வெட்டக்கூடாது! போன மாசம் எங்க 3ஆம் போர்டு பொண்ணு சட்டுனு வெட்டிட்டா, எதிர்ல இருந்த பையன் குதிரையை எஃப்7ல குடுத்தான், ராஜா எடுத்துச்சு, ராணி எஃப்3ல செக், டி5 குதிரையை காப்பாத்த ராஜா ஈ6க்கு வந்து போர்டு நடுவுல நின்னுச்சு. கடிகாரத்துல 13 நிமிஷம் பாக்கி, அவ கண்ல தண்ணி. ஒரு போர்டு ஜெயிச்சா ஒரு பாயிண்ட், டிரா ஆனா அரை, மேட்ச் ஒன்றரைக்கு ரெண்டரைன்னு போச்சு.

வெட்டாம சி6 குதிரையை ஏ5க்கு கொண்டு போகணும், அது பிஷப்பை அடிக்கும், அதாவது அடுத்து வெட்டுவேன்னு மிரட்டும். பிஷப் பி5ல செக் சொன்னா சி6 தள்ளுங்க, வெட்டினா பி சிப்பாயால வெட்டுங்க. ஒரு சிப்பாய் கம்மிதான், பசங்க அதுக்கே பயப்படுவாங்க, ஆனா வெள்ளையோட பிஷப்பும் குதிரையும் பின்னாடி போறதுக்குள்ள நம்ம காயெல்லாம் வெளிய வந்துடும். அந்த இடத்துலேர்ந்து பத்து கேமாவது பக்கம் மாத்தி மாத்தி ஆட விடுங்க, ஆளுக்கு 15 நிமிஷம், ஒவ்வொரு மூவுக்கும் கூட 10 செகண்ட் சேரும். மனப்பாடம் வேணாம், ஒவ்வொரு மூவுக்கும் இது எதை அடிக்குதுன்னு வாய்விட்டு சொல்ல வைங்க.

அப்புறம், ஒருத்தர் நல்லா ஆடினா போதும்னு பசங்க நினைப்பாங்க. 2022 மாமல்லபுரம் ஒலிம்பியாட்ல குகேஷ் முதல் 8 கேமும் ஜெயிச்சாரு, டீமுக்கு கிடைச்சது வெண்கலம், இதை அவங்களுக்கு சொல்லுங்க. ரெண்டு போர்டு ஜெயிச்சாச்சுன்னா மூணாவது டிரா ஆனாலே மேட்ச் நம்மளது, அதனால யாராவது டிரா கேட்டா எடுக்கலாமான்னு கேப்டன்கிட்ட கேக்க பழக்குங்க, கேப்டன் ஆமா இல்லன்னு சொல்லலாம், பொசிஷனைப் பத்தி ஒரு வார்த்தை பேசக்கூடாது.