காட்டேரி நாவலின் இரண்டாம் பாகம்: முதலாவதை மிஞ்ச எழுதும் முறை

இளையோருக்கான காட்டேரி நாவலில் முதல் புத்தகம் பெரும்பாலும் ஒரே கேள்வியில் ஓடும்: இவர்களை எப்படிக் கொல்வது? இரண்டாம் புத்தகமும் அதே கேள்வியைத் தூக்கிக்கொண்டு வந்தால் வாசகர் இருபதாம் பக்கத்தில் மூடிவைத்துவிடுவார். செத்த தலைவனுக்கு மேலே இன்னொரு பெரிய தலைவனைக் கொண்டுவருவதால் கதை பெரிதாகும், ஆழமாகாது. இரண்டாம் பாகத்துக்குச் சொந்தமாக ஒரு கேள்வி வேண்டும். நல்ல கேள்வி பெரும்பாலும் முதல் பாகத்தின் வெற்றிக்குள்ளேயே கிடக்கும்.

விளக்கத்துக்கு ஒரு கதையை எடுத்துக்கொள்வோம். பெருந்தொற்றுக்குப் பிறகு யாழ்ப்பாணக் குடாநாடு காட்டேரிகளின் ஆட்சியில் இருக்கிறது. இரத்தம் கொடுத்ததைப் பதிய ஆளுக்கொரு அட்டை, இருட்டினால் ஊரடங்கு. முதல் புத்தகத்தின் முடிவில், சாதாரண தரப் பரீட்சை எழுதும் பதினாறு வயதுப் பெட்டை ஒருத்தி கோட்டைக்குள் நுழைந்து தலைவனைக் கொல்கிறாள். தம்பி கடிபடுகிறான். தலைவன் போய்விட்டான், ஆனால் மிச்சக் காட்டேரிகளுக்கு அடுத்த நாளும் பசிக்கும். அவர்களைப் பட்டினி போட்டால் வீடு வீடாக வருவார்கள். இனி யார் யாருக்கு எவ்வளவு இரத்தம் கொடுப்பது, அந்தப் பதிவேட்டை யார் எழுதுவது? நாயகியையே எழுத வையுங்கள். இரண்டாம் புத்தகம் அங்கே தொடங்கிவிடும்.

முதலில் கடன் கொப்பி

ஒரு வரி எழுதுவதற்கு முன் முதல் புத்தகத்தை, கடன் கொடுத்தவர் கொப்பி பார்ப்பதுபோல வாசிக்க வேண்டும். கெட்டி மட்டை போட்ட ஒரு சீ.ஆர். கொப்பியில் நான்கு நிரல் போடுங்கள்: விதிகள், கொடுத்த வாக்குகள், சொன்ன பொய்கள், செத்தவர்கள். ஒவ்வொன்றுக்கும் பக்க எண் எழுதுங்கள். இருநூறு பக்கப் புத்தகத்தில் நாற்பது, ஐம்பது பதிவாவது தேறும். அவற்றில் எட்டோ பத்தோதான் இரண்டாம் பாகத்தில் வசூலிக்க முடியும். மிச்சத்தை விட்டுவிடலாம்.

அதிகம் தவறவிடப்படுவது நான்காவது நிரல். முதல் பாகத்தில் செத்தவர்களை இரண்டாம் பாகம் ஒரு பெருமூச்சோடு கடந்துபோகும். நம்முடைய ஊரில் சாவு அப்படி முடிவதில்லை. எட்டாம் நாளில் எட்டுச் செலவு இருக்கிறது, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை இருக்கிறது. அதற்குக் கீரிமலைக் கடற்கரைக்குப் போக வேண்டும். யாழ்ப்பாண நகரிலிருந்து சுமார் 20 கிலோமீற்றர். பெற்றோல் இல்லை, சைக்கிள்தான். கிரியை முடித்து இருட்டுக்கு முன் வீடு திரும்ப வேண்டும். தொடக்க அத்தியாயம் ஒன்று கையில் வந்துவிட்டது. இதைவிடக் கடினமான கேள்வி தம்பியைப் பற்றியது. அவன் காட்டேரியாகி நடமாடுகிறான் என்றால் அம்மா அவனுக்கு அந்தியேட்டி செய்வாவா? செய்தால் ஊர் என்ன சொல்லும், செய்யாவிட்டால் என்ன சொல்லும்? இந்த ஒரு முடிச்சு புதுத் தலைவன் பத்துப் பேருக்குச் சமம்.

இரத்தக் கணக்கு

எண்கள் இல்லாத அடக்குமுறை மேடை நாடகத் திரைச்சீலை போல ஆடும். ஆகவே கணக்கைப் போட்டுவிட்டு எழுதுங்கள். வளர்ந்த ஒருவரின் உடலில் சுமார் 5 லீற்றர் இரத்தம். இரத்ததானத்தில் ஒரு தடவைக்கு எடுப்பது சுமார் 450 மில்லிலீற்றர். இலங்கையில் அடுத்த தானத்துக்கு 4 மாத இடைவெளி வேண்டும், கொடுப்பவருக்கு 18 வயதாகியிருக்க வேண்டும். குறைந்த நீரை உடம்பு ஓரிரு நாளில் ஈடுகட்டிவிடும். சிவப்பணுக்கள் மீளப் பல கிழமை செல்லும், இரும்புச்சத்து அதைவிட மெதுவாகத்தான் திரும்பும்.

உங்கள் காட்டேரிக்குக் கிழமைக்கு 450 மில்லிலீற்றர் போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 4 மாதம் என்றால் ஏறத்தாழ 17 கிழமை. ஆகவே ஒரு காட்டேரிக்கு 17 பேர் வேண்டும். ஊரில் கொடுக்கத் தகுதியானவர்கள் 5,100 பேர் என்றால் 300 காட்டேரிகளுக்கு அளந்தாற்போல் சரி. 340 ஆகிவிட்டால்? 17 கிழமை இடைவெளி 15 ஆக வேண்டும். நாயகி பதிவேட்டில் அந்த இரண்டு கிழமையைச் சத்தமில்லாமல் குறைக்கிறாள். ஒருவருக்கும் தெரியவில்லை. பிறகு 13. அப்போது சந்தையில் பெண்கள் படியேற மூச்சு வாங்குகிறார்கள், கண் இமையின் உட்புறம் வெளிறுகிறது, முருங்கையிலைக்கு விலை ஏறுகிறது. கொடுப்பவர் ஒருவரே காட்டேரியாக மாறினால் ஒரு ஆள் குறைந்து, 17 ஆள் தேவை கூடுகிறது. கணக்கு 18 ஆளால் சாயும். நாவலின் இயந்திரம் இதுதான். வில்லனே வராமல் அத்தியாயத்துக்கு அத்தியாயம் நெருக்கடி இறுகும்.

வயது எல்லையும் தானாக வேலை செய்கிறது. முதல் பாகத்தில் பதினாறு என்றால் இதில் நாயகி பதினெட்டைத் தொட வேண்டும். உயர்தரப் பரீட்சை எழுதும் வகுப்பில் ஒவ்வொரு பிறந்தநாளும் ஒரு பெயரைப் பதிவேட்டில் ஏற்றுகிறது. அவளுடைய பெயரும் வரும், அவளே எழுத வேண்டும். இளையோர் நாவலுக்குரிய வயதும் இந்தக் கதையின் வயதும் ஒன்றாவது இங்கேதான்.

சேமிப்பையும் யோசியுங்கள். பிரித்தெடுத்த சிவப்பணுக்களை 2 முதல் 6 பாகை செல்சியஸில், சேர்க்கும் திரவத்தைப் பொறுத்து, 35 அல்லது 42 நாள் வைத்திருக்கலாம். உறைந்தால் அணுக்கள் உடைந்து கெட்டுவிடும். வீடுகளுக்கு மின்சாரம் இல்லாத ஊரில் மீன்பிடித் துறைக்கு ஐஸ் போடும் கட்டடம்தான் அதிகார மையம். கோட்டை வெறும் அடையாளம். பழக்கமில்லாத பெடியன் ஒருவன் உறைகுளிர் ஐஸுக்குள் பைகளைப் புதைத்துவைத்து ஒரு கிழமை இருப்பைக் கெடுத்துவிட்டால் மறுநாள் என்ன நடக்கும் என்று எழுதிப் பாருங்கள்.

விதிகளை ஊரில் வைத்துத் தட்டிப் பார்ப்பது

முதல் பாகத்தில் அவசரத்தில் கடன் வாங்கிய மேற்கத்திய விதிகள் இரண்டாம் பாகத்தில் ஓட்டை விடும். உள்ளிப் பூண்டுக்குக் காட்டேரி அஞ்சும் என்றால் யாழ்ப்பாணத்து அடுப்படி ஒன்றுக்குள்ளும் அது நுழைய முடியாது. கதை மூன்றாம் பக்கத்தில் முடிந்துவிடும். ஓடும் நீரைத் தாண்டாது என்றால், குடாநாட்டில் வருடம் முழுதும் ஓடும் ஆறே கிடையாது. வழுக்கையாறு மழைக்குத்தான் ஓடும். அந்த விதியைக் கடலுக்கு மாற்றினால் உயிர் வரும்: குறிகட்டுவான் இறங்குதுறையில் ஏறி ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் படகில் போனால் நெடுந்தீவு. அது புகலிடமாகிறது, கூடவே நன்னீர் எவ்வளவு காலத்துக்குத் தாங்கும் என்ற கவலையும் வருகிறது. சுண்ணாம்புக்கல்லுக்குள் மழைநீர் உவர்நீருக்கு மேலே மிதந்து நிற்கும் நிலம் நம்முடையது. கிணற்றை அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழேயிருக்கும் உப்பு மேலே ஏறும். அகதிகள் பெருகினால் தீவுக் கிணறு உவர்க்கும். பாதுகாப்பும் அளவு பார்த்துத்தான் கிடைக்கும்.

வெயில் விதியும் புராதனமானது அல்ல. 1897 இல் வந்த 'டிராகுலா' நாவலில் கோமான் பகலிலும் நடமாடுவார், சக்திதான் குறையும். வெயில் பட்டால் அழியும் என்பது 1922 இல் வந்த ஜெர்மன் மௌனப் படம் ஒன்றுக்குப் பிறகே பரவியது. அந்த விதியைத் தேர்ந்தால் நம் வானத்தைக் கணக்கில் எடுங்கள். நீண்ட பனிக்கால இரவு இங்கே இல்லை. வருடத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட, அவ்வளவுதான். பொழுது நவம்பரில் ஆறுக்குச் சற்று முன் படும், ஜூலையில் ஆறரையை ஒட்டிப் படும். அந்தி அரை மணித்தியாலம்கூட நிற்காது. ஆகவே துரத்தல் காட்சியில் "மாலை மெல்ல மெல்லக் கவிந்தது" என்று எழுதாதீர்கள். இங்கே பொழுது தொப்பென்று விழும். வடகீழ்ப் பருவமழையில் நாட்கணக்காக வெயில் முகம் காட்டாமல் இருப்பது மட்டும் காட்டேரிக்குச் சாதகம். உச்சக்கட்டத்தைக் கார்த்திகை மழையில் வையுங்கள்.

அழைத்தால்தான் வீட்டுக்குள் வரும் என்ற விதி நமக்கு வாய்த்த பொக்கிஷம். படலையடியில் ஆள் நின்றால் "வாங்கோ, வாங்கோ" என்று வாய் தானாகச் சொல்லும். அந்தப் பழக்கத்தை ஒரு தலைமுறை விட்டொழித்தது என்றால் அந்த ஊர் எவ்வளவு மாறியிருக்கும்! மற்றது, விடைபெறும்போது "போட்டு வாறன்" என்கிறோம். தம்பி கடிபடுவதற்கு முன் அப்படிச் சொல்லிவிட்டுப் போயிருந்தால், அம்மா "ஓம், போட்டு வா" என்று சொல்லியிருந்தால், அது இன்னும் செல்லுபடியாகும் அழைப்பா? முதல் பாகத்தில் அப்படியொரு வரி தற்செயலாகக் கிடந்தால் விடாதீர்கள். கொப்பியில் சிவப்பு மையால் வட்டமிடுங்கள்.

பேச்சில் அதிகாரம்

யாழ்ப்பாணத் தமிழ் இந்தக் கதைக்கென்றே வைத்திருப்பதுபோல சில கருவிகள் உண்டு. நீ, நீர், நீங்கள் என்ற மூன்று படி. முதல் பாகத்தில் காட்டேரி அதிகாரி நாயகியை "நீ" என்கிறார், அவள் "நீங்கள்" என்கிறாள். பதிவேடு அவள் கைக்கு வந்ததும் அவர் "நீர்" என்று இறங்குகிறார். அந்த "நீர்" வரும் வரியைச் சுற்றி வேறு விளக்கம் வேண்டாம்.

வினைமுற்று இன்னும் கூர்மையானது. "அவை வந்திட்டினம்" என்றால் ஆட்கள். "அது வந்திட்டுது" என்றால் பிராணி. பக்கத்து வீட்டுக்காரி தம்பியை "அது" என்கிறா, அம்மா "அவன் வந்திட்டான்" என்கிறா. நாயகி எந்த அத்தியாயத்தில் எந்த முற்றைப் பாவிக்கிறாள் என்று தனித்தாளில் குறித்துவைத்து எழுதுங்கள். பிசகினால் கூரான வாசகர் உடனே பிடிப்பார். "உவை", "உங்கை" என்ற உகரச் சுட்டும் நம்மிடம் உயிரோடு இருக்கிறது. எட்ட நிற்கும் எதிரி "அவை". நடுவிலே, உங்கள் பக்கத்திலே இருப்பவர்கள் "உவை". முதல் பாகத்தின் அவை இரண்டாம் பாகத்தில் உவை ஆவதே கதையின் போக்கு.

முன்கதையை நினைவூட்டுவதிலும் பேச்சே உதவும். "ஆறு மாதங்களுக்கு முன் கோட்டையில் நடந்த மோதலில்..." என்று தொடங்கும் முன்னுரை வாசகரைத் தூங்கவைக்கும். வாசகருக்குத் தேவையான ஏழெட்டு விடயங்களைப் பட்டியலிட்டு, முதல் முப்பது பக்கத்துக்குள் ஒவ்வொன்றையும் யாரோ ஒருவருக்கு வலிக்கும் இடத்தில் வையுங்கள்:

"சோறு போட்டாச்சு, வா."
"மூண்டு கோப்பை வைச்சிருக்கிறியள், அம்மா."
அம்மா மூன்றாவது கோப்பையைக் கவிழ்த்து வைத்தா. கொஞ்ச நேரத்தில் நிமிர்த்தினா.

தம்பி இல்லை என்பதும், வருவான் என்று வீடு காத்திருப்பதும் இதற்குள் வந்துவிட்டது.

போர் நினைவு

ஊரடங்கு, அட்டை, சோதனைச் சாவடி, காணாமல் போன பிள்ளை. இவற்றை யாழ்ப்பாணத்தில் வைத்தால் வாசகர் காட்டேரியை மட்டும் பார்க்கமாட்டார். அதற்குப் பயப்படத் தேவையில்லை, பொறுப்போடு கையாள வேண்டும். காட்டேரி இன்னார்தான் என்று ஒன்றுக்கொன்று பொருத்தாதீர்கள், கதை துண்டுப்பிரசுரமாகிவிடும். நூலகம் எரியும் காட்சி வேண்டாம். 1981 இல் எரிந்த நூலகத்தை ஒவ்வொரு வாசகரும் சுமந்துகொண்டுதான் வருகிறார்; உங்கள் காட்சி அதன் முன் நிற்காது, அதைக் கதைக்கு அலங்காரமாகப் பாவித்ததாகவும் படும். எடுத்துக்கொள்ள வேண்டியது அக்காலத்துக் கைவேலைகளை: ஜாம் போத்தலில் எரிந்த மண்ணெண்ணெய் விளக்கு, சைக்கிள் டைனமோவில் கேட்ட வானொலி, பனங்குற்றி அடுக்கிய பதுங்குகுழி. மின்சாரமில்லாமல் வாழத் தெரிந்த ஊர் இது. அந்த அறிவு அம்மம்மாவிடம் இருக்க வேண்டும், நாயகி அவவிடம் கேட்டுப் படிக்க வேண்டும்.

அளவும் அச்சும்

48,000 சொல் போதும். 1,500 சொல்லில் 32 அத்தியாயம். பதினாறாம் அத்தியாயத்தில் இடைவெளி குறைந்ததை ஊர் கண்டுபிடிக்கட்டும். கையெழுத்து யாருடையது என்பதும் அங்கேயே வெளிவரட்டும். அதைக் கடைசிவரை ஒளித்தால் பின்பாதி சளசளக்கும். பக்கத்துக்கு 240 சொல் என்றால் 200 பக்கம், முன்பக்கங்களோடு 208. அது 16 பக்கப் பாரம் (ஒரே தாளில் சேர்த்து அச்சடிக்கும் தொகுதி) 13. அச்சகத்தில் வீண் தாள் வராது. காதலுக்கு நான்கு காட்சி தாராளம். காதலனும் இரத்தம் கொடுக்கும் வரிசையில் நிற்பவனாக இருந்தால் இரண்டே போதும்.

மூன்றாம் பாகத்துக்கென்று எதையும் பதுக்கிவைக்காதீர்கள். பதுக்கிய இடம் பொந்தாகத் தெரியும். தம்பி வீட்டு வாசலுக்கு வரும் காட்சி இந்தப் புத்தகத்திலேயே வர வேண்டும்; அம்மா வாய் திறக்க வேண்டும்.

முடித்த பிரதியை மூன்று பேரிடம் கொடுங்கள். முதல் பாகம் வாசித்த பதினைந்து வயதுப் பிள்ளை, வாசிக்காத இன்னொரு பிள்ளை, அறுபதைத் தாண்டிய ஒருவர். கருத்துக் கேட்க வேண்டாம். பென்சிலைக் கொடுத்து, எங்கே புத்தகத்தைக் கீழே வைத்தார்களோ அங்கே ஒரு கோடு போடச் சொல்லுங்கள். பிள்ளைகள் இருவரின் கோடும் ஒரே பக்கத்தில் விழுந்தால் அந்த அத்தியாயத்தைத் திருத்த மினக்கெடாமல் திரும்ப எழுதுங்கள். பெரியவரின் கோடு விழுந்த இடத்தில் மட்டும் முதலில் அவருடன் இருந்து கதையுங்கள். அலுத்து வைத்தாரா, தாங்காமல் வைத்தாரா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.