தொங்கும் கதவுக்கு நெருப்புக்குச்சி

பிணைச்சலின் திருகாணி இறுகாமல் சும்மா சுற்றுகிறதா? ஆணியைக் கழற்றி, மருந்து நீக்கிய இரண்டு மூன்று நெருப்புக்குச்சிகளை மரப்பசையில் தோய்த்துத் துளைக்குள் இறுகச் செருகுங்கள். நீட்டிக்கொண்டிருப்பதை வெட்டிவிட்டு, ஓர் இரவு காயவிட்டு, அதே ஆணியைப் பூட்டுங்கள். ஓடாவியைக் கூப்பிடத் தேவையில்லை.

துளையைச் சுற்றிய மரம் தேய்ந்துபோனதால்தான் ஆணியின் புரிக்குப் பிடி கிடைக்கவில்லை. குச்சி அந்த இடத்தில் புது மரமாகிறது. பெரிய ஆணி போட்டால் அதன் தலை பிணைச்சலின் குழியில் சரியாக அமராது, கதவு நிலையும் வெடிக்கலாம். எங்கள் பட்டறையில் தச்சுவேலை பழக வருபவர்களுக்கு முதலில் இதைத்தான் காட்டுகிறோம்.

கறையான் தின்ற நிலைக்கும், ஈரத்தில் ஊதிப்போன சிப்போர்டுக்கும் இது சரிவராது. கொழும்பு மழைக்கு மட்டும் இறுகும் கதவு வேறு விஷயம்: மரம் ஈரத்தில் ஊதியிருக்கிறது, வெயில் வரும்வரை சீவவேண்டாம்.