'காண்ட்ராஸ்ட் அலர்ஜி' என்று மட்டும் எழுதி ஃபைலை மூடாதீர்கள்

ஸ்கேன் படம் தெளிவாகத் தெரிய ஊசியில் ஏற்றும், அயோடின் உள்ள மருந்துதான் காண்ட்ராஸ்ட். சி.டி. ஸ்கேனுக்கு வரும் நோயாளியின் பழைய டிஸ்சார்ஜ் சம்மரியில் சிவப்பு மையில் 'அயோடின் அலர்ஜி' என்று இருக்கும். எந்த மருந்து, எத்தனை மி.லி., ஊசி ஏறி எவ்வளவு நேரத்தில், என்ன ஆனது? இந்த நான்கும் இருக்காது. இவை இல்லாமல் அடுத்த ஸ்கேனைப் பற்றி யாரும் உருப்படியாக முடிவெடுக்க முடியாது. உடம்பில் எந்த செல் கிளம்பியது என்பதற்கு நம்மிடம் உள்ள முதல் துப்பு, நேரம்தான்.

முதலில் அயோடின் மேல் உள்ள பழியை நீக்கிவிடலாம். ஒவ்வாமை வருவது மருந்தின் மூலக்கூறுக்கு, அயோடின் அணுவுக்கு அல்ல. இறால், நண்டு ஒத்துக்கொள்ளாததற்குக் காரணம் பெரும்பாலும் ட்ரோபோமயோசின் என்ற புரதம். பெட்டாடைன் பட்ட இடம் சிவப்பதற்கும் இந்த ஊசிக்கும் சம்பந்தமில்லை. இந்தக் காரணங்களைச் சொல்லி ஸ்கேனைத் தள்ளிப்போடுவது வீண்.

ஊசி போட்டு 1 மணி நேரத்துக்குள் உள்ளங்கை அரிப்பு, அடுக்குத் தும்மல், தடிப்பு, மூச்சிரைப்பு வந்தால் அது மாஸ்ட் செல், பேசோஃபில் என்ற ஒவ்வாமை செல்களின் வேலை. அவற்றின் குருணைகளில் அரிப்பையும் தடிப்பையும் கிளப்பும் ஹிஸ்டமின் நிரம்பியிருக்கும். மாஸ்ட் செல்லில் ட்ரிப்டேஸ் என்ற நொதியும் இருக்கும். இந்தக் குருணைகளின் பூட்டைத் திறக்க இரண்டு வழி உண்டு. ஒன்று, ஐஜிஇ (IgE) என்ற எதிர்ப்புப் பொருள் மருந்தை அடையாளம் கண்டு திறப்பது. மற்றொன்று, ஐஜிஇ இல்லாமலே மருந்து செல்லை நேரடியாகத் தூண்டுவது. வாழ்நாளில் முதல் ஊசியிலேயே சிலர் சரிந்துவிடுவதை இரண்டாவது வழி விளக்குகிறது. எந்த வழியானாலும் அப்போதைய சிகிச்சை ஒன்றே.

1 மணி நேரம் கழித்து, 7 நாள் வரைக்குள் தோலில் சிவப்புப் பொரிகள் படர்ந்தால் அது பெரும்பாலும் டி செல் என்ற வெள்ளை அணுவின் வேலை. பொதுவாக 1 முதல் 3 நாளில் வரும், தானே அடங்கும். ஆனால் வாய்ப்புண், தோல் உரிதல், காய்ச்சலோடு முகவீக்கம் இருந்தால் கதை வேறு. உடனே அட்மிஷன், அந்த மருந்தை இனி அவருக்குத் தொடக்கூடாது.

ஒவ்வாமையே அல்லாதவையும் உண்டு. உடம்பெங்கும் சூடு பாய்வது, வாயில் உலோகச் சுவை, உடையிலேயே சிறுநீர் போய்விட்டதோ என்ற உணர்வு, இவை மருந்தின் இயல்பு. மயங்குபவருக்கு நாடியைப் பாருங்கள். உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமையான அனாஃபிலாக்சிஸில் நாடி பெரும்பாலும் வேகமாக ஓடும். பயத்தில் வரும் மயக்கத்தில் தளர்ந்து அடிக்கும். நாடியை மெதுவாக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவரிடம் இந்தத் துப்பு ஏமாற்றும்.

அனாஃபிலாக்சிஸ் என்றால் பலரது கை முதலில் அலர்ஜி மருந்தான அவிலுக்கும் ஸ்டீராய்டான ஹைட்ரோகார்டிசோனுக்கும் போகிறது. இது தப்பு. அவில் அரிப்பை அடக்கும், விழுந்த பி.பி.யைத் தூக்காது. ஸ்டீராய்டு வேலை செய்யவே மணிக்கணக்காகும். அட்ரினலின் 1 மி.லி.க்கு 1 மி.கி. ஆம்பூலிலிருந்து, பெரியவருக்கு 0.5 மி.லி., தொடையின் வெளிப்பக்கத் தசையில். குழந்தைக்குக் கிலோவுக்கு 0.01 மி.கி. தேறாவிட்டால் 5 நிமிடத்தில் மறுபடி. கால்களை உயர்த்துங்கள், ஆக்சிஜன், சலைன் வேகமாக. மூச்சுத் திணறுபவரை மட்டும் உட்கார வைக்கலாம். பீட்டா பிளாக்கரால் அட்ரினலின் எடுபடாவிட்டால் குளுக்ககான் 1 முதல் 5 மி.கி., ரத்தக்குழாயில் மெதுவாக. சலைனுக்கும் குளுக்ககானுக்கும் கேனுலா, அதாவது ரத்தக்குழாயில் செருகிய சிறு குழாய், தேவை. ஸ்கேன் முடிந்ததும் அதை உருவிவிடாமல், 30 நிமிடம் ஆளையும் கேனுலாவையும் அங்கேயே வைத்திருங்கள்.

ஆள் தேறியதும் எல்லோரும் மறப்பது ரத்த மாதிரி. ட்ரிப்டேஸுக்கு 1 முதல் 2 மணி நேரத்துக்குள் ஒன்று, 24 மணி நேரம் கழித்து ஒன்று. இரண்டாவதை 1.2 ஆல் பெருக்கி 2 கூட்டுங்கள். முதலாவது அதைவிட அதிகம் என்றால் மாஸ்ட் செல் வெடித்தது உறுதி. இரண்டாவது மி.லி.க்கு 4 நானோகிராம் என்றால் வரம்பு 6.8. முதலாவது 9 இருந்தாலும் லேப் ரிப்போர்ட் 'நார்மல்' என்றே சொல்லும், ஏனென்றால் அங்கே அச்சிட்ட மேல் எல்லை வழக்கமாக 11.4. ரிப்போர்ட்டை நம்பி விட்டுவிடாதீர்கள்.

தோல் சோதனையை 1 முதல் 6 மாதத்துக்குள் செய்வது நல்லது. ஒரு வாரம் முன்பே அலர்ஜி மாத்திரையை நிறுத்தச் சொல்லுங்கள். குத்துச் சோதனைக்கு மருந்தை அப்படியே, தோலுக்குள் போடுவதற்குப் பத்து மடங்கு நீர்த்து, 0.02 முதல் 0.05 மி.லி. 20 நிமிடத்தில் பாருங்கள்; தாமத வகை என்றால் 24, 48 மணியிலும். சந்தேக மருந்தோடு மாற்று மருந்துகளையும் சேர்த்துப் போட்டால்தான் பயன். காண்ட்ராஸ்ட் மருந்துகளில் அயோடிக்சனால் என்பது அயோஹெக்சாலின் இரட்டை வடிவம். ஒன்றுக்கு மாற்றாக மற்றதை எடுப்பது புத்திசாலித்தனமல்ல. மூலக்கூறின் பக்கச் சங்கிலி வேறுபட்ட அயோபிட்ரிடால் பெரும்பாலும் நல்ல தேர்வு.

ஸ்கேன் மேசையிலேயே துளி மருந்து ஏற்றிப் பார்க்கும் 'டெஸ்ட் டோஸ்' வேறு சமாச்சாரம். அது எதையும் முன்கூட்டிச் சொல்லாது, அந்தத் துளிக்கே சரிந்தவர்களும் உண்டு. விட்டுவிடலாம்.

ஒவ்வாமையைத் தடுக்க ஸ்கேனுக்கு முன்பே தரும் முன்மருந்து? அமெரிக்க முறையில் ஸ்டீராய்டான பிரெட்னிசோன் 50 மி.கி. 13, 7, 1 மணி நேரம் முன்பும், அலர்ஜி மருந்தான டைஃபென்ஹைட்ரமின் 50 மி.கி. 1 மணி நேரம் முன்பும் தருகிறார்கள். ஐரோப்பிய வழிகாட்டுதல் இதைப் பரிந்துரைப்பதில்லை. எங்கள் கணிப்பில் மருந்தை மாற்றுவதே முக்கியம், ஸ்டீராய்டு அதற்குத் துணை மட்டுமே. கடைசி நிமிடத்தில் போடும் ஊசி ஸ்டீராய்டு வெறும் மனத்திருப்தி.

ஃபைலில் எழுத வேண்டியது இப்படி: 'அயோஹெக்சால் 350, 80 மி.லி., 4ஆம் நிமிடம் உடல் முழுக்கத் தடிப்பு, மூச்சிரைப்பு, பி.பி. 80/50. அட்ரினலின் 0.5 மி.கி. இரு முறை. 90ஆம் நிமிடம் ட்ரிப்டேஸ் 9, மறுநாள் 4.' இதையே ஒரு போட்டோ எடுத்து நோயாளியின் போனிலும் போட்டுக் கொடுங்கள். ஃபைல் தொலையும், போன் தொலைவது அபூர்வம்.