ஒரே திரையா, பல விண்டோவா: வியூக கேமுக்கு முகப்பு அமைப்பது எப்படி

வியூக கேம் செய்ய உட்காருகிறவர்கள் பெரும்பாலும் திரையைத்தான் முதலில் வரைகிறார்கள். மேலே ஒரு பட்டை, மூலையில் மினி மேப், அப்புறம் வரிசையாகப் பட்டன்கள். அதைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். விளையாடுபவர் எடுக்கப்போகும் முடிவுகளை ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, அந்த முடிவை எடுக்க அவருக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று குறியுங்கள். எது எப்போதும் தெரியும் முதன்மைத் திரையில், எது திறந்து மூடும் விண்டோவில் என்பது அந்த நோட்டிலேயே தெரிந்துவிடும்.

முத்தியால்பேட்டையில் இருந்தபடி நான் செய்துவரும் கேம், 1760-61ல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டதைப் பற்றியது. கடலில் அவர்களுடைய கப்பல்கள், நிலத்தில் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் என்பவரின் படை. உணவு தீர்ந்துதான் நகரம் சரணடைந்தது. ஆகவே கேமின் உயிரே அரிசி. இன்று ஆளுக்கு எவ்வளவு அளப்பது? இதற்குக் கிடங்கு இருப்பு, சாப்பிடும் ஆட்கள், வெளியே நிற்கும் கப்பல்கள், காற்று ஆகிய நான்கும் தெரிய வேண்டும். 1761 ஜனவரி 1-ம் தேதி அடித்த புயல் ஆங்கிலேயக் கப்பல்களையே சிதறடித்தது. காற்றைக் காட்டாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. கிடங்கு ஒரு விண்டோவிலும் கப்பல் இன்னொன்றிலும் இருந்தால், ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொண்டு அதை மூடிவிட்டு அடுத்ததைத் திறக்க வேண்டியிருக்கும். அங்கே விளையாட்டு நின்று மனப்பாடம் தொடங்கிவிடுகிறது. நான்கும் வரைபடத்தோடு ஒன்றாகத் தெரிந்தே ஆக வேண்டும்.

மதில் பழுதுபார்ப்பது அப்படியல்ல. உள்ளே போய் ஆட்களை ஒதுக்கிவிட்டு வந்துவிடலாம். அதற்கு விண்டோ போதும்.

1993ல் வந்த மாஸ்டர் ஆஃப் ஓரியன் என்ற விண்வெளி வியூக கேமைப் பாருங்கள். நட்சத்திர வரைபடத்தின் பக்கத்திலேயே ஒரு கோளுக்குக் கப்பல், பாதுகாப்பு, தொழில், சூழல், ஆராய்ச்சி என்று இழுத்து ஏற்றி இறக்கும் ஐந்தே ஸ்லைடர்கள். எல்லையில் எதிரி நெருங்குவதைப் பார்த்துக்கொண்டே பாதுகாப்பை ஏற்றலாம். 1996ல் வந்த இரண்டாம் பாகத்தில் குடியேற்றத்துக்கென்று தனித் திரை. கட்டடம் கட்டப் பிடித்தவர்களுக்கு அது சுகம், ஆனால் வரைபடம் மறைந்துபோகிறது. எனக்கு முதல் பாகம்தான் உசத்தி. கிரூசேடர் கிங்ஸ் 3 போல ஏராளமான மனிதர்கள் உலவும் கேமில் விண்டோ இல்லாமல் முடியாது, சரி. ஆனால் அதில்கூட டூல்டிப்புக்குள் (மவுஸை ஒன்றின் மேல் வைத்தால் வரும் சிறு விளக்கம்) இன்னொரு டூல்டிப் திறக்கிறது. ஒரு சின்ன விளக்கத்துக்காகப் புது விண்டோவுக்குப் போக வேண்டியதில்லை.

சுப்ரீம் கமாண்டர் என்ற வியூக கேம் 2007லேயே இரண்டு மானிட்டரில் ஓடியது. ஆனால் நீங்கள் நம் ஆட்களை மனதில் வைத்து வரையுங்கள். கடலூர் முதுநகரில் என் சித்தப்பா பையன் விளையாடுவது 1366-க்கு 768 பிக்சல் லேப்டாப்பில். அதில் தமிழ் எழுத்தைச் சிறிதாக்கினால் முதலில் அடிபடுவது மேல்சுழிதான். கி எது, கீ எது என்று தெரியாது. மேலே சுழிக்கும், கீழே கு, பூ போன்றவற்றின் வளைவுக்கும் இடம் விட்டால் வரி உயரம் கூடும். ஆகவே 'கிடங்கு இருப்பு' என்று எழுதாமல், மூட்டைப் படமும் எண்ணும் வையுங்கள். முழுப்பெயர் மவுஸை மேலே கொண்டுபோனால் வரட்டும்.

விண்டோ வைத்தால், அது எந்த இடத்தைப் பற்றியதோ அந்த இடத்தை வரைபடத்தில் மறைக்கக் கூடாது. எஸ்கேப் அழுத்தினால் மூட வேண்டும். செய்தி வந்தால் தானாகத் திறக்காமல் ஓரத்தில் ஒரு வரியாக நிற்கட்டும்.

புரோகிராம் எழுதும் முன் எல்லாவற்றையும் காகிதத்தில் வெட்டி, வரைந்த வரைபடத்தின் மேல் வைத்து, ஒருவரை விரலால் தொட்டு விளையாடச் சொல்லுங்கள். பேசாமல் பாருங்கள். "அண்ணா, கப்பல் எத்தனைன்னு மறுபடி காட்டு" என்று தம்பி கேட்டதும் அந்த எண்ணை முதன்மைத் திரைக்கு மாற்றினேன். இடம் போதவில்லையென்றால், யாருமே திரும்பிக் கேட்காத எண்ணை உள்ளே தள்ளுங்கள். என் கேமில் வராகன் (அந்தக் காலக் காசு) இருப்பு அப்படித்தான் விண்டோவுக்குள் போனது. முற்றுகை இறுகிய பிறகு காசு கொடுத்தாலும் வாங்க அரிசி இல்லை.